மீற்றரைக் கீழ வையுங்கோ, யோசெப் அண்ணை

இல்லை இல்லை, உதை இப்ப எடுக்காதேங்கோ அண்ணை. கரண்ட் பாக்கிற மீற்றர் பைக்குள்ளயே கிடக்கட்டும். கோட்-டெ-நெய்ஜில இருந்து மெத்ரோவும் பஸ்ஸும் மாறி மாறி பியர்பொன்ட்ஸுக்கு வந்திருக்கிறியள், வந்த கால் ஆறமுதல் ஆரும் மோட்டச்சைக்கிளுக்குக் கீழ பூருவினமே? முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ. சீனி போட்டிருக்கு. வருத்தம் எண்டால் சொல்லுங்கோ, வேற ஊத்தித் தாறன். இல்லையோ? மெய்யோ? அறுபது தாண்டியும் சீனி வருத்தம் இல்லாத யாழ்ப்பாணத்தாரை நான் இண்டைக்குத்தான் காணுறன்.

இருங்கோ. அந்தக் கதிரையில வேண்டாம், அதில கிறீஸ். இந்தப் பால் பெட்டியில இருங்கோ, இது என்ர பெட்டி. ஓம், கராஜுக்குள்ள எனக்கெண்டு ஒரு பெட்டி இருக்கு. என்ன செய்யிறது. மேல வெள்ளைக் கல்லுப் பதிச்ச குசினி கிடக்கு, யோகமலர் இருக்கிறது இஞ்ச.

என்ர மனிசனோ? ரோல்ஸ் வாங்கப் போட்டார். நான்தான் கலைச்சுவிட்டனான். சென்-ஜோன் றோட்டுத் தமிழ்க்கடையில சனிக்கிழமை பின்னேரம் சூடாப் போடுவினம். வரேக்க பாத்தியள்தானே, றோட்டு முழுக்கச் செம்மஞ்சள் கூம்பு. கூம்பை நட்டுப்போட்டு வேலைகாரர் எங்கயோ போட்டினம். இவர் போய்வர அரை மணித்தியாலம் எடுக்கும். அதுக்குள்ள நீங்களும் நானும் கொஞ்சம் கதைப்பம்.

என்ன கதையோ? உந்தச் சைக்கிளைப் பற்றித்தான். வேற என்ன கதை இருக்கு இந்த வீட்டில?

அவர் உங்களுக்குப் போனில என்ன சொன்னவர்? ஸ்ராட் ஆகேல்லை எண்டு மட்டுமோ? நாளைக்கு ஆள் வாறதைச் சொல்லேல்லையோ? நல்ல மனிசன். நாளைக்குக் காலமை பத்து மணிக்கு லவாலில இருந்து ஒரு பிரெஞ்சுக்காரர் வாறார் அண்ணை. பழைய சைக்கிள் சேக்கிறவராம். தனக்கு முன்னால ஒருக்கா ஸ்ராட் பண்ணிக் காட்டினால் அந்த இடத்திலயே வண்டியில ஏத்திக்கொண்டு போவாராம். ஸ்ராட் ஆகாட்டில் மெர்சி எண்டு சொல்லிப்போட்டு வெறும் வண்டியோட போயிடுவாராம். அதுக்குத்தான் உங்களைப் பிடிச்சது. போன கிழமைச் செத்தவீட்டில சாப்பாட்டு வரிசையில நிக்கேக்க ஆரோ சொல்லிச்சினமாம், யோசெப் எண்டொருத்தர் இருக்கிறார், ஆஸ்பத்திரியில கட்டில் தள்ளுறவர், ஆனால் ஊரில மாமன்ர கராஜில இங்கிலீஷ் சைக்கிள் முழுக்கக் கழட்டிப் பூட்டினவர், அவர் கை வைச்சால் எந்த எஞ்சினும் எழும்பும் எண்டு. அவ்வளவுதான். இவர் சோத்துப் பிளேற்றையும் கொண்டு உங்களைத் தேடி ஓடினவர். செத்த மனிசன்ர பெண்சாதிக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை. உங்களைத்தான் தேடினவர். எனக்கு வெக்கமாப் போச்சு.

ஆக, நீங்கள் கை வைச்சால் நாளைக்கு உது வீட்டை விட்டுப் போகும். எனக்குச் சந்தோசம்தானே எண்டு கேக்கிறியள். குடியுங்கோ, ஆறப்போகுது. சொல்லுறன்.

உது அறுபத்தொன்பதாம் ஆண்டு ட்ரையம்ப். என்னிலும் ரெண்டு வயசு மூப்பு. அதால இந்த வீட்டில மரியாதையும் என்னிலும் கூட. முன்வீட்டில ஒரு இங்கிலீஷ்காரக் கிழவர் இருந்தவர். ஏப்ரலில மகளோட இருக்க வன்கூவர் போகேக்க, தள்ளிக்கொண்டு போவாயெண்டால் உனக்கு எண்டு இவருக்குக் குடுத்திட்டார். ரெண்டு ரயரிலயும் காத்தில்லை. றோட்டுக் கரையில இன்னும் ஊத்தைப் பனி கிடக்கு. இவர் தள்ளுறார், வாற கார் எல்லாம் நிக்குது, நான் யன்னலால பாத்துக்கொண்டு நிக்கிறன், இந்த மனிசனை எனக்குத் தெரியாது எண்ட மாதிரி. கொண்டந்து வாசலில நிப்பாட்டிப்போட்டு என்னட்டைத் தேசிக்காய் கேட்டவர், ரெண்டு. என்னத்துக்கெண்டு கேட்டன். ரயருக்குக் கீழ வைக்கவாம். ஓடுற வாகனத்துக்குத் தேசிக்காய் வைக்கிறது எனக்கும் தெரியும் அண்ணை. ஓடாததுக்கு? எண்டாலும் குடுத்தன். வைச்சுத் தள்ளினவர். ரயரில காத்தில்லாததால அது நசியாமல் உருண்டு போட்டுது. பேந்து குதிக்காலால மிதிச்சுச் சரிக்கட்டினவர். அண்டைக்கே எனக்கு விளங்கினது, இந்தச் சாமான் எங்களை என்ன பாடு படுத்தப் போகுதெண்டு.

நான் ஏன் இதுக்குள்ள வந்தனோ? அதைக் கேளுங்கோ. உந்தச் சைக்கிளின்ர புத்தகம் இங்கிலீஷில, எறும்பு எழுத்து. இவருக்குக் கண்ணாடி போட்டாலும் கண்ணாடி போடாட்டிலும் அது எறும்புதான். யோகம், வந்து ஒருக்கா வாசியும். யோகம், உந்தச் சொல்லுக்கு என்ன கருத்து. யோகம், யோகம். ஒரு நாளைக்கு முப்பது தரம். அடுப்பில கறி கிடக்கும், நான் இஞ்ச இருந்து கார்பன் படிதல் பற்றி வாசிப்பன்.

நான் கொன்வென்ற்றில படிச்சனான். சிஸ்டர் பெர்ணதெத் எண்டொரு ஐரிஷ்காரி, அவவிட்டை ஒரு அடிமட்டம். வாசிக்கேக்க ஒரு சொல்லைத் தப்பவிட்டால் விரல் மொளியில ஒரு அடி, ஒரு சொல்லைக் கூட்டி வாசிச்சால் ரெண்டு அடி. இல்லாததைச் சொல்லுறது இருக்கிறதை விடுறதிலும் பெரிய பாவமாம். நான் அஞ்சு வருசம் தொடந்து வாசிப்புக்கு முதல் பரிசு எடுத்தனான் அண்ணை. சும்மா புளுகேல்லை, சேட்டிபிக்கற் மேல இருக்கு. அந்த நாளில இருந்து இண்டைவரைக்கும், மருந்துப் போத்தில் எண்டாலும் சரி, அரசாங்கக் கடிதம் எண்டாலும் சரி, நான் வாசிச்சுச் சொன்னால் சொன்னதுதான். இவரும் அதை நம்பித்தான் இருக்கிறார். அதை மனசில வைச்சுக்கொள்ளுங்கோ.

நீங்கள் வேதக்காரர்தானே? அதுதான் கேட்டன். எங்கட வகுப்பில உங்கட பிள்ளையள் முதல் வெள்ளிக்கிழமை சாமியாரிட்டைப் பாவம் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போவினம். கணக்குப் பாடம் தப்பிடும். சைவப் பிள்ளையள் நாங்கள் இருந்து பின்னக் கணக்குச் செய்ய வேணும். என்ன நியாயம்? ஒருக்கா நானும் போய் வரிசையில நிண்டிட்டன். திருநீற்றோட. சிஸ்டர் காதில பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்து திருப்பி வகுப்பில விட்டவ. சொல்லுறதுக்கு நல்லதொரு பாவம் யோசிச்சு வைச்சிருந்தனான். வீணாப் போச்சு.

ம்ம்? பெற்றோல் ராங்கைக் கழட்டப் போறியளோ? பொறுங்கோ. கதை இன்னும் அரைவாசிக்கும் வரேல்லை.

முதல் ஒரு மாசம் இவர் பழைய பொயின்ற்ஸோட மல்லுக்கட்டினவர். அந்தச் சின்னத் தகட்டுத் துண்டு ரெண்டும் முட்டி முட்டி விலகினால்தானே பிளக்கில நெருப்பு வரும். அது கறுத்துப்போகும். இவர் என்ர நகம் ராவுற அரத்தை எடுத்து ராவுவார். இடைவெளி அளக்கிறதுக்குக் கோர்ன்பிளேக்ஸ் பெட்டியில ஒரு கீலம் வெட்டி வைச்சிருந்தவர். அஞ்சு நிமிசம் ஓடும். பிறகு நிண்டிடும். நான் சொன்னன், இப்ப அதுக்கு எலெக்ட்ரோனிக் பொக்ஸ் வந்திட்டுது, முட்டுறதும் இல்லை, ராவுறதும் இல்லை, காந்தம் சுத்தும், பொக்ஸ் பாத்துக்கொள்ளும், அதை வாங்குங்கோ எண்டு. உடன தொடங்கினார். ஊரில பெற்றோலுக்குத் தடை போட்ட காலத்தில நான் மண்ணெண்ணெயில சைக்கிள் ஓட்டினனான், ஊசியால ரெண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மிச்சம் முழுக்க மண்ணெண்ணெய், எனக்கு எலெக்ட்ரோனிக் படிப்பிக்கிறீரோ எண்டு.

உங்களுக்கும் சொல்லிப்போட்டாரோ! முதல் போனிலயோ? பாத்தியளோ. இந்த மொன்றியலில அவரை அஞ்சு நிமிசத்துக்கு மேல கண்ட ஆள் எண்டால் அந்த மண்ணெண்ணெய் மணக்காமல் தப்ப ஏலாது.

சரி, கடைசியா வாங்கினம். ஏப்ரல் முடியேக்க. பொக்ஸ் வந்தது. நான் இந்தப் பெட்டியில இருந்து வாசிக்கிறன், வடிவா, ஒரு சொல் விடாமல். சிவப்பு வயரைப் பிறேமில பூட்டவும். இவர் சிரிக்கிறார். சிவப்பை ஆரும் பிறேமில பூட்டுவினமே, கறுப்பைத்தான் பூட்டுறது, உலகம் முழுக்க அப்பிடித்தான் எண்டார். நான் திருப்பி வாசிச்சன். இந்தப் பழைய இங்கிலீஷ் சைக்கிளில பற்றறியின்ர பொசிற்றிவ் பக்கம்தான் பிறேமுக்குப் போறது, தலைகீழ், ஆகவே கவனம், மாறிக் குடுத்தால் பொக்ஸ் எரிஞ்சிடும் எண்டு பெட்டி கட்டித் தடிச்ச எழுத்தில போட்டிருக்கு. அச்சுப் பிழையாம். இங்கிலாந்துக்காரனுக்குத் தன்ர சைக்கிள் தெரியாது, இவருக்கு, கொக்குவில் பேரின்பநாதனுக்குத்தான் தெரியும். பஞ்சாங்கம் பாத்து, ராகுகாலம் கழியுமட்டும் இருந்து, நல்ல நேரத்தில சுவிச்சைப் போட்டவர்.

நல்ல நேரத்திலதான் எரிஞ்சது. சாம்பிராணி மாதிரி ஒரு புகை, மணம் மட்டும் வேற.

என்ன சொன்னவர் தெரியுமோ? நீர் இன்னும் கொஞ்சம் அழுத்தி வாசிச்சிருக்கலாம் எண்டார்.

அழுத்தி! ரெண்டு தரம் வாசிச்சனான். தடிச்ச எழுத்தைத் தடிச்ச குரலில வேற வாசிச்சனான்.

சிரியுங்கோ, சிரியுங்கோ. எனக்கும் இப்ப சிரிப்புத்தான் வருது. அண்டைக்கு நான் சிரிக்கேல்லை. ஆனால் பாருங்கோ, ஒரு புதினம். அண்டைக்கு இரவுச் சாப்பாட்டில இவர் வழமையா மாதிரி ரீவிக்கு முன்னால பிளேற்றைக் கொண்டு போகேல்லை. மேசையில வந்து இருந்தவர். ரெண்டு பேரும் ஒரு மணித்தியாலம் சண்டை பிடிச்சம், பொசிற்றிவோ நெகற்றிவோ எண்டு. ஒரு மணித்தியாலம் அண்ணை. சரி, அது கிடக்கட்டும்.

பிறகு ரெண்டாவது பொக்ஸ் பாக்க வெளிக்கிட்டம். இந்த முறை நான் சொன்னன், கண்டபடி வாங்க ஏலாது, பொக்ஸுக்கும், பிளக்குக்குக் கரண்டைக் கூட்டிக் குடுக்கிற கொயிலுக்கும் பொருத்தம் பாக்க வேணும். உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லைத்தான், ஆனால் நான் எவ்வளவு படிச்சனான் எண்டு நீங்கள் அறிய வேணும். ஒவ்வொரு கொயிலுக்கும் கரண்டை எவ்வளவு தடுக்குமெண்டு ஒரு ஓம்ஸ் கணக்கு இருக்கு. பொக்ஸ் கேக்கிற ஓம்ஸும் கொயில் குடுக்கிற ஓம்ஸும் ஒத்துவராட்டில் வீடு நடக்காது. ரெண்டு வாய் வைச்ச ஒற்றைக் கொயில் போடலாம். இல்லாட்டில் ரெண்டு தனிக் கொயிலை ஒண்டுக்குப் பின்னால ஒண்டாத் தொடுக்கலாம். பழைய ஆக்கள் ரெண்டைத்தான் விரும்பினமாம், பாக்க அந்தக் காலத்துச் சைக்கிள் மாதிரியே இருக்குமெண்டு. இவருக்கும் ரெண்டுதான் வேணுமாம். எந்தக் கொம்பனியோ, எத்தினை ஓம்ஸோ, கறுப்போ வெள்ளியோ. என்னைப் பொம்பிளை பாக்க வந்தவை ஒரு தேத்தண்ணியும் ரெண்டு பயத்தம் பணியாரமும் முடியேக்க ஓமெண்டிட்டுப் போனவை. கொயில் பாக்க எங்களுக்கு மூண்டு கிழமை. சாப்பாட்டு மேசை முழுக்கக் கடுதாசி. மகள் தக்ஷினி ரொறன்ரோவில இருந்து போன் எடுத்தால் முந்தி இவர் ஹலோ சொன்ன கையோட, இந்தா அம்மாட்டைக் குடுக்கிறன் எண்டுவார். பத்து வருசமா அதுதான் தகப்பனும் மகளும் கதைக்கிற கதை. இப்ப போனை என்னட்டைத் தராமல் அவளுக்கு ஓம்ஸ் படிப்பிக்கிறார். அவள் பாவம், கணக்காளர், ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டு இருக்கிறாள்.

பேந்து ஜூனில ரெண்டாவது பொக்ஸ் வந்தது, கொயிலும் வந்தது, பூட்டினம், ஸ்ராட் ஆகேல்லை. அவ்வளவுதான்.

என்ன? இடையிலயோ? இடையில ஒண்டும் இல்லை அண்ணை. வந்தது, பூட்டினது, ஆகேல்லை. இந்த முறை சிவப்பு வயரைப் பிறேமிலதான் பூட்டினவர், நான் அழுத்தி வாசிச்சனான்.

உதையிறார், உதையிறார், இருமுது. ஒரு பழைய சுருட்டுக்காரக் கிழவன் விடிய எழும்பி இருமின மாதிரி ரெண்டு தரம் இருமிப்போட்டு நிண்டிடும். ஒரு நாள் புகைக்குழாயால ஒரு வெடி வைச்சுது. பக்கத்து வீட்டு மாடம் மொன் தியூ எண்டு கத்திக்கொண்டு பூக்கண்டுக்குள்ள குந்திட்டா. நாங்கள் ரெண்டு பேரும் இஞ்ச நிலத்தில. வெடிச்சத்தம் கேட்டால் எங்கட உடம்பு எங்களைக் கேக்காதுதானே. பேந்து எழும்பி ஆளை ஆள் பாத்துச் சிரிச்ச சிரிப்பு. மாடம் எட்டிப் பாத்துப்போட்டு உதுகளுக்கு விசர் எண்டு நினைச்சிருப்பா.

பிறகு இவருக்கு முழங்கால் வீங்கிப்போச்சு. ஒத்தடம் குடுத்தன். அப்பத்தான் பேப்பரில விளம்பரம் போட்டிருக்கிறார், எனக்குத் தெரியாமல். யோகம், இதோட மாரடிச்சது காணும், ஓடவைச்சு ஆருக்கும் குடுத்திடுவம், உமக்கும் கரைச்சல்தானே எண்டார். உமக்கும் கரைச்சல்! எத்தினை தரம் கரைச்சல் கரைச்சல் எண்டு நானே கத்தியிருக்கிறன். அதை இப்ப என்னட்டையே திருப்பித் தாறார்.

எங்க எழும்பிறியள்? அண்ணை, இன்னுமொரு தேத்தண்ணி. வேண்டாமோ? சும்மா பாக்கப் போறியளோ. பாருங்கோ, பாக்கிறதுக்கென்ன. லைற் வேணுமோ? வெளிச்சம் காணாது, பேந்து பாப்பம். ஓ, போனிலயே லைற் இருக்கோ. எல்லாரிட்டையும் இருக்கு.

ஓமண்ணை.

ஓம். பன்னிரண்டு வோல்ற் எண்டுதான் எழுதியிருக்கு. கொயில் ரெண்டிலயும்.

இல்லை, கடைக்காரன் பிழை விடேல்லை. கேட்டதைத்தான் அனுப்பினவன்.

இந்தப் பொக்ஸுக்கு ஆறு வோல்ற் கொயில் ரெண்டைத் தொடுக்க வேணும், ஆறும் ஆறும் பன்னிரண்டு. பன்னிரண்டு வோல்ற் ரெண்டைத் தொடுத்தால் ஓம்ஸ் ரெண்டு மடங்காப் போகும், நெருப்பு பலம் இல்லாமல் வரும், இருமும், பிடிக்காது. எனக்குத் தெரியும் அண்ணை. பொக்ஸுக்கு ஒரு பழுதும் வராதெண்டும் தெரியும், அதையும் வாசிச்சுப் பாத்துத்தான் செய்தனான். நான் பொறுப்பில்லாதவள் இல்லை.

ஓம். நான்தான். கடுதாசியில ஆறு எண்டு இருந்தது. நான் பன்னிரண்டு எண்டு வாசிச்சன். தெளிவா. அழுத்தி.

இருங்கோ. மீற்றரைக் கீழ வையுங்கோ, பெட்டியில இருங்கோ. அண்டைக்குக் கொன்வென்ற்றில வரிசையில நிண்டு சொல்லாமல் போனதுக்கு இண்டைக்குச் சேத்துச் சொல்லுறன். நீங்கள் சாமியார் இல்லைத்தான், எண்டாலும் கேட்டதை வெளிய சொல்லாத பழக்கம் உங்கட ஆக்களுக்கு இருக்கும்தானே.

இவர் புவாண்ட்-கிளேரில ஒரு வெயார்ஹவுஸில இருபத்திநாலு வருசம் வேலை. போன நவம்பர் அதைப் பூட்டிப்போட்டாங்கள். ஒரு வெள்ளிக்கிழமை கேக் வெட்டி, கையில கடிதத்தைக் குடுத்து அனுப்பினாங்கள். வந்து சோபாவில இருந்தவர். நவம்பர், டிசம்பர், தை, மாசி, பங்குனி. ரீவிக்கு முன்னால. ரீவி போடேல்லை அண்ணை. நிப்பாட்டின ரீவியைப் பாத்துக்கொண்டு இருந்தவர். நான் போட்டுவிட்டால் பாப்பார், நிப்பாட்டினாலும் பாப்பார். டொக்டர் குளிசை குடுத்தார், விழுங்கினார். கோயிலுக்குக் கூப்பிட்டன், வந்தார். கத்திப் பாத்தன். உங்களுக்குத் தெரியாது, நான் கத்தினால் இந்த வீதியில நாய் குலைக்கிறதை நிப்பாட்டும். ஓமப்பா எண்டார். அவ்வளவுதான். ஓமப்பா. சண்டை பிடிக்கிறதுக்கும் ஆள் இல்லாத வீடெண்டால் என்னெண்டு எனக்கு அந்தப் பனிக்காலத்திலதான் தெரிஞ்சது.

பேந்து அந்தக் கிழவர் இந்தச் சாமானைக் குடுத்தார். இவர் தேசிக்காய் கேட்டார். அஞ்சு மாசத்தில என்னட்டை வாய் திறந்து கேட்ட முதல் சாமான் அது.

அதுக்குப் பிறகு வாய் மூடேல்லை. கையில வேலை இருக்கேக்க மனிசனுக்குக் கதை வரும்போல. ஆணியைத் தேடுவார், கதைப்பார். கல்யாணம் முடிச்ச முதல் வருசம் என்ர இங்கிலீஷுக்குப் பயந்து எனக்கு முன்னால பேப்பர் வாசிக்கிறேல்லையாம். முப்பத்தொரு வருசத்துக்குப் பிறகு சொல்லுறார், வோஷர் ஒண்டைத் தேடிக்கொண்டு. போன மாசம் இன்னொண்டு சொன்னார். என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு அந்த மண்ணெண்ணெய்ச் சைக்கிளிலதான் வந்தவராம். திரும்பிப் போகேக்க எங்கட வாசலில அது ஸ்ராட் ஆகேல்லையாம். நான் பாத்திடுவன் எண்டு வெக்கத்தில, சும்மா உருட்டிப் பாக்கிற மாதிரிக் காட்டி, முடக்குத் திரும்புமட்டும் தள்ளிக்கொண்டு போனவராம்.

நான் யன்னலால பாத்தனான் அண்ணை. முடக்குமட்டும் பாத்துக்கொண்டு நிண்டனான். இவ்வளவு வருசமும் சொல்லேல்லை. இப்பவும் சொல்லேல்லை. அதை வாற பனிக்காலத்துக்கெண்டு எடுத்து வைச்சிருக்கிறன்.

அப்ப விளங்குதுதானே. ஜூனில பொக்ஸும் கொயிலும் சரியா வந்தால் ஜூனிலயே ஓடியிருக்கும். ஓடினால் துடைச்சு நிப்பாட்டுவார், வித்துப்போடுவார். கராஜ் வெறும் கராஜ். சோபா அங்கயே கிடக்கு, நான் அதை எறிஞ்சும் பாத்தன், மகள் புதுசு வாங்கி அனுப்பிப்போட்டாள்.

சரியான கொயிலோ? இருக்கு, ஏன் இல்லை. அதையும் அண்டைக்கே சேத்து எடுப்பிச்சனான். பிழையானதை வாங்க மனம் துணிஞ்சது, சரியானதை வாங்காமல் விட மனம் துணியேல்லை. ஆறு வோல்ற் ரெண்டும் பேஸ்மென்ற் பிறீசருக்குள்ள, இடியப்ப மாப் பைக்குக் கீழ. அங்க இவர் கை வையார். என்ன, குளிரில பழுதாப் போகுமோ? மெய்யோ? ஐயோ, அப்ப இண்டைக்கே எடுத்து மா வாளிக்குள்ள மாத்துறன். நல்ல காலம் சொன்னியள்.

ஓடக்கூடாதெண்டு நான் சொல்லேல்லை அண்ணை. ஓடட்டும். வடிவா ஓடட்டும். நாளைக்கு ஓடக்கூடாது.

பின்ன என்ன சொல்லுறதோ? அதைத்தானே நீங்கள் யோசிக்க வேணும், மாமன்ர கராஜில வேலை செய்தனீங்கள். பொய் சொல்லச் சொல்லி நான் கேக்கேல்லை. உந்தக் காபரேற்றரைப் பாருங்கோ, அம்பத்தஞ்சு வருசத்துக் காபரேற்றர், அதில ஒரு பிழையும் இல்லை எண்டு உங்கட வேதப் புத்தகத்தில அடிச்சுச் சத்தியம் பண்ணுவியளோ? பாத்தியளோ. அப்ப அது பொய் இல்லை. அதைக் கழட்ட வேணும், ஊறப்போட வேணும், சின்னச் சின்னச் சாமான் இங்கிலாந்தில இருந்து வர வேணும், ஒவ்வொண்டுக்கும் ஒரு கடுதாசி வரும், அதை ஆரும் வாசிக்க வேணும். நீங்களும் இடைக்கிடை சனிக்கிழமையில வரலாம். ஆஸ்பத்திரி விட்டால் அந்த அப்பார்ட்மென்ற்றுக்குள்ள தனியத்தான் இருக்கிறியளாம், செத்தவீட்டில கேள்விப்பட்டனான். நாங்கள் சனிக்கிழமையில நண்டு காய்ச்சிறனாங்கள்.

சிரிக்கிறியள். சிரிச்சால் ஓமெண்டுதான் நான் எடுப்பன்.

உஷ். கார். கூம்பெல்லாம் எடுத்துப்போட்டாங்களோ என்னவோ, கெதியா வந்திட்டார். கோப்பையைத் தாங்கோ. அந்த மீற்றர் வயரைப் பைக்குள்ள தள்ளுங்கோ, நுனி தெரியுது. ஒண்டு சொல்ல மறந்து போனன், ரோல்ஸ் குடுத்தால் ஒண்டுக்கு மேல சாப்பிடாதேங்கோ, மேல அவணில நான் காலமை சுட்ட இருவது ரோல்ஸ் கிடக்கு.

வாங்கோப்பா, வாங்கோ. எங்க போய்க் கிடந்தனீங்கள் இவ்வளவு நேரமும்? மனிசன் வந்து கறல் பிடிக்குமட்டும் இருக்கிறார். என்னட்டை என்ன கேக்கிறியள், எனக்கெங்க உதுகள் விளங்கும்? பொக்ஸும் கொயிலும் வலு திறமாம், அதில ஒருத்தரும் கை வைக்கத் தேவையில்லையாம். காபரேற்றரில ஏதோ சொல்லுறார்.

சொல்லுங்கோ யோசெப் அண்ணை, அவரும் கேக்கட்டும். எத்தினை மாசம் எடுக்கும்?